விற்றுப்போன நாற்காலி

லியெபாயாவில் காற்றுக்குக் கதவைத் தட்டும் வழக்கமில்லை.
பழைய உப்புக் கிடங்கின் தகரக் கூரையைத்
தூக்கிப் பார்த்து,
பிடிக்காமல் திரும்ப வைக்கும்.
அதனடியில் ஒன்பது வாரமாக
இருவர் பேரில் ஒரு கண்காட்சி.
உட்கார்ந்திருப்பது என் வேலை.

வெல்காவின் களிமண்:
தன் மூக்கைத் தன் வாயிலேயே விட்டுத்
தானே குடித்துக்கொள்ளும் தேநீர்க் கெண்டி.
முழங்கால் முளைத்த கிண்ணங்கள்,
மூன்று மண்டியிட்டிருக்க
ஒன்று மட்டும் மாட்டேன் என்கிறது.
வாலில் ஊதினால் கூவும் மண் குதிரை.
(ஊதக் கூடாது என்று எழுதி ஒட்டியவள் நான்.
ஊதிப் பார்த்தவளும், எச்சிலைத் துடைத்தவளும்.)

இந்துலிஸின் மரமும் இரும்பும்:
சைக்கிள் சீட்டை முகமாக மாட்டிய நாய்.
குழந்தைகள் முக்காலியில் உட்காரப் பார்க்கும்
ஓக் மரக் கரடி,
உட்காரவும் இல்லை, எழவும் இல்லை,
பேருந்தில் இடம் கிடைக்குமா என்று
யோசிக்கிற உயரத்தில் நிற்கிறது.

நடுவில், சேர்ந்து செய்தது.
துருப்பிடித்த தள்ளுவண்டி நிறைய
களிமண் உருளைக்கிழங்கு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம்,
நகராட்சிக் கூட்டத்தில் கொட்டாவியை விழுங்கும் முகம்.
வருகிறவர்கள் சிரிக்கிறார்கள்.
அந்தச் சிரிப்பு யாருடையது என்பதில்தான் சண்டை.
வண்டி இல்லாவிட்டால் அது வெறும் கிழங்கு என்பார் அவர்.
காலி வண்டியைப் பார்த்து எவன் சிரித்தான் என்பாள் அவள்.
ஒரே கொட்டகை, ஒரே மின்கட்டணம், பதினோரு வருடம்.
சுவரொட்டியில் எவர் பெயர் முதலில் என்பதற்கு
முடிவே வராமல்
குறுக்கெழுத்துப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தோம்.
‘ல்’ என்ற ஓரெழுத்தில் மட்டும்
அவர்கள் ஒத்துப்போனார்கள்.

சனிக்கிழமை
காவலாளி சிகுர்த்ஸ் தன் மகள் பைபாவைக் கூட்டி வந்தான்.
சும்மா இருக்கட்டுமே என்று
சிவப்புப் புள்ளித் தாளை அவளிடம் கொடுத்தேன்.
விற்றதன் பக்கத்தில் ஒட்டுகிற புள்ளி.
ஒன்பது வாரத்தில் எங்களுக்குச் செலவானது நான்கு.
பைபா அரை மணி நேரத்தில் தொண்ணூறு விற்றாள்.
கரடியின் மூக்கு,
தீயணைப்புக் குப்பி,
கூரை ஒழுகுமிடத்து வாளி,
ஜன்னல் கண்ணாடியில், சரியாகக் கடல் தெரிகிற இடம்,
அப்பாவின் முழங்கை,
என் நாற்காலி.

நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன்.
திரும்பினால் நாற்காலியைச் சுற்றி ஏழு பேர்.
முதுகில் என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை,
ஒரு கை தரையைத் தொட்டபடி.
இருக்கையில் பாதி கடித்த கறுப்பு ரொட்டி,
கம்பியால் கால் கட்டிய மூக்குக் கண்ணாடி.
வென்ட்ஸ்பில்ஸ் பல் மருத்துவர் ஒருவர் கைகட்டி நின்றார்.
“ஆள் இல்லாததுதான் இதில் ஆள்,” என்றார்.
குனிந்து ரொட்டியைப் பார்த்தார்.
“இந்தக் கடியில் பொய்யே இல்லை.”
உண்மைதான். கீழ்வரிசையில் இரண்டும் இல்லை.

விற்றுவிட்டதே என்று அவருக்கு வருத்தம்.
செய்தவர் யார், இன்னொன்று செய்வாரா என்று கேட்டார்.
வண்டியின் இரண்டு பக்கமும் இருவரும் நின்றிருந்தார்கள்.
இந்துலிஸ் நாற்காலியைப் பார்த்தார்,
புள்ளியைப் பார்த்தார்.
“அவளுடையது.”
“இல்லை, அவருடையது,” என்றாள் வெல்கா.
“சட்டைக் கையை அப்படித் தொங்கவிட எனக்கு வராது.”
“ரொட்டியை அப்படி நிறுத்த எனக்கு வராது.”

பதினோரு வருடத்தில்
ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த முதல் பொருள்
என்னுடைய மதியச் சாப்பாடு.

சொல்லியிருக்கலாம்.
வாய் வரை வந்தது.
பிறகு அவள் அவர் தோளில் இடித்துச் சிரித்தாள்,
ஒரு கிழங்கு உருண்டு விழுந்தது,
உடையவில்லை.

ஆறு மணி வரை கரடிக்குப் பக்கத்தில் நின்றேன்.
இருவர் என்னையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு
தலைப்பு எங்கே என்று தேடினார்கள்.

வெளியே காற்று.
போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை, விற்றாயிற்று.
பேருந்தின் எண்ணும் தெரியவில்லை,
கண்ணாடி கலையாகி உள்ளே கிடந்தது.
வந்ததில் ஏறினேன்.
ஓர் இடம் காலியாக இருந்தது.
உட்காரும் முன்
ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று
ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.