மூன்று நிமிடம் மூன்று வினாடி

விளம்பரத்தில் இப்படிப் போட்டிருந்தேன்:
பனிச்சறுக்குப் பலகை, ஒரு ஜோடி,
நூற்று அறுபது சென்டிமீட்டர்.
வலது பலகையின் ஓரத்தில் கீறல் உண்டு.
ஈசூனுக்கு நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்.
கீறல் அல்மாட்டியில் விழுந்தது என்று எழுதவில்லை.

மின்தூக்கியில் ரொக்கையா அக்கா.
நீளப் பையைப் பார்த்துவிட்டு
பதினோரு வருடமாகக் கேட்கும் அதே கேள்வி:
“மீன் பிடிக்கவா?”
பதினோரு வருடமாக ஆமாம் என்றே சொல்லிவிட்டேன்.
முட்டியில் கட்டோடு திரும்பிய அன்று மட்டும்
“பெரிய மீனோ” என்றார்.

புளோக்கின் கீழே, சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில்
பலகைகளைக் கிடத்தினேன்.
வாங்குபவர் இன்னும் பேருந்தில்.
மழை கறுத்துக்கொண்டிருந்தது.

என் பெயர் எழிலி.
மேகம். அப்பா அகராதியில் தேடிப் பிடித்தது.
ரூக்காவில், மின்ஸ்கில், சாங்சுனில்
ஒலிபெருக்கிக்காரர் ஒவ்வொருவரும்
அந்த ழகரத்தில் சறுக்கி விழுந்தார்கள்,
எனக்கு முன்னாலேயே.

உச்சியில் நிற்கும்போது
மூக்குமுடி உறைந்து ஊசியாகும்.
கீழே பயிற்சியாளர் லியாவ்
நான் இறங்கப்போகும் இடத்தை
மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருப்பார்,
சமூகத் தோட்டத்தில் வெண்டை நடுபவரைப் போல.
வெள்ளைக்குள் தரை எது வானம் எது என்று தெரிய
பைன் ஊசிகளைத் தூவி வைப்பார்கள்.
வேகம் ஐம்பத்தெட்டு இருக்க வேண்டும்.
ஐம்பத்தாறு என்றால் முகம்.
அறுபது என்றால் முதுகு.

பிறகு மூன்று வினாடி.
இரண்டு கரணம், இரண்டு திருகு.
பைன்.
என் பூட்ஸ்.
ஒன்றுமில்லை.
பைன்.

பறப்பது போல் இருக்குமா என்று வானொலியில் கேட்டார்கள்.
இருக்காது.
கூட்டத்தில் தொலைத்த செருப்பைத் தேடுவது போல் இருக்கும்,
செருப்பு என் காலில்தான் இருக்கிறது,
கால்தான் எங்கே என்று தெரியாது.

நேற்றிரவு கைபேசியில் பெருக்கிப் பார்த்தேன்.
போட்டிகளில் அறுபத்தொரு தாவல்.
மொத்தம் மூன்று நிமிடம் மூன்று வினாடி
நான் காற்றில் இருந்திருக்கிறேன்.
காதிப்பில் கதவு மூடி ஈசூனில் திறக்கும் நேரம்.
அதற்காகத்தான்
குமிழி விடும் குளத்தில் நாளைக்கு முப்பது தடவை
பலகையோடு விழுந்து காதில் சீழ் பிடித்தது,
அண்ணன் கல்யாணத்தைக் கைபேசித் திரையில் பார்த்தது,
வங்கிக்காரர் ‘தொழில்?’ என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தது.

இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு பேர்.
நான்கு முறை நான் பதின்மூன்றாவது.
அல்மாட்டியில் பன்னிரண்டாவதாக நுழைந்தேன்.
கொடியைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள்.
பரவாயில்லை, நானும் அப்படித்தானே வரப்போகிறேன்
என்று லியாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை,
ஓடிப்போய்த் திருப்பி மாட்ட வைத்தார்.

இறங்கினேன். இரண்டு காலிலும் நின்றேன்.
கைதட்டல் கேட்கத் தொடங்கியது.
அப்புறம்தான் முழங்கால்
தன் கருத்தைச் சொன்னது.

ஜூ சியாட்டில் காப்பிக்கடை திறக்கிறாராம், சுவரில் மாட்டவாம்.
கீறலைத் தடவிப் பார்த்தார். “நல்லா இருக்கு, பழசு மாதிரி.
இதுல யாராவது நிஜமா சறுக்கியிருக்காங்களா?”
“கொஞ்சம்” என்றேன்.
நூற்றெண்பது கேட்டேன். நூற்றைம்பதுக்கு முடிந்தது.
எண்ணி வைத்தார்.
பதினோரு வருடத்தில்
என் கைக்கு வந்த வெள்ளி.

அவர் போனதும் சாரல் உள்ளே அடித்துத் தரை நனைந்தது.
மின்தூக்கிக்குத் திரும்புகையில் செருப்பு வழுக்கியது.
முட்டிகள் தாமாக மடங்கின, கைகள் தாமாக முன்னே நீண்டன.
நின்றேன்.

காய்கறிப் பையோடு ரொக்கையா அக்கா.
என் வெறுங்கையைப் பார்த்தார்.
“மீனை விட்டுட்டியா?”