பழுப்புத் தாள்

செயின்ட் லூயிஸில் ஒரு டயர் கடையின் மேல்மாடி.
ரப்பர் வாடையும் எங்களோடு படியேறி வரும்.
செவ்வாய்க்கிழமை மாலை, ஏழு பேர்,
முப்பதைத் தொட்டவர் ஒருவருமில்லை.
ஷூக்களைக் கழற்றிவிடுவோம்.
ஜாக்கெட்டைக் கழற்ற மட்டும்
யாருக்கும் மனம் வராது.

"எங்கே இருக்கிறது?" என்று கேட்பாள் ஸகியா.
எது என்று சொல்ல மாட்டாள்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்,
என்னைவிட ஒரு வயது இளையவள்.
ஓடெட் வயிற்றைக் காட்டினாள்.
ஜரெல் வாயைத் திறக்காமல் இடது தோளைத் தொட்டான்.
எனக்கு எங்கேயும் இல்லை என்றேன்,
சொல்லும்போதே தாடை பூட்டிக்கொண்டது.
அவள் பார்த்தாள். எழுதிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்வார்கள்.
வலி எத்தனை, பத்துக்குள் சொல் என்பார்கள்.
எட்டு என்றேன் ஒருமுறை.
தலைகீழாகப் பார்த்தும் தெரிந்தது,
அந்த அட்டையில் நான்கு.

இன்றைக்குப் பழுப்புத் தாள்.
இறைச்சிக் கடையில் சுற்றித் தருவார்களே, அதே சுருள்.
தரையில் விரித்து ஒருவர் கிடக்க வேண்டும்,
மற்றவர்கள் உடம்போரம் கோடு போட வேண்டும்.
ஓடெட் கிடந்தாள். அக்குளில் மார்க்கர் போனதும்
சிரிப்பில் கோடு கோணியது.
எழுந்து, வயிற்றுக்குள் நீலம் அடித்தாள்,
அடித்துக்கொண்டே இருந்தாள், தாள் கிழியும் வரை.

அடுத்தது டேவியன்.
"நான் கிடக்க மாட்டேன்."

ஏனென்று எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம்.
அவன் எங்கள் முகங்களைப் படித்துவிட்டான்.
"சாக்பீஸ் கோடெல்லாம் சினிமாவில்.
என் அண்ணனைச் சுற்றி யாரும் கோடு போடவில்லை.
மஞ்சள் கூம்பு வைத்தார்கள், எண் போட்டு.
நான்காவது, அவன் ஷூவுக்குப் பக்கத்தில்.
ஒற்றை ஷூ."

சுவரில் ஒட்டலாமா என்றாள் ஸகியா.
ஒட்டினோம்.
அவன் தாளை நெருங்கினான்.
யாரும் சொல்லவில்லை,
கால்கள் தாமாக அகன்றன,
உள்ளங்கைகள் ஏறிச் சுவரில் பதிந்தன.
அப்படியே ஒரு கணம்.
பிறகு தன் கைகளையே பார்த்தான்,
யாருடையவையோ போல.
"இதற்கும் பழக்கிவிட்டிருக்கிறார்கள்."

ஸகியா அவனைத் தேற்றப் போகவில்லை.
டேப்பின் ஒரு முனை பிய்ந்து தொங்கியது.
மூன்று வாரமாகப் பேசாத ஜரெல்
மூலையில் கிடந்த மேசை விளக்கைத் தூக்கி வந்தான்.
"நீ திரும்பி நில்.
நிழலை வரையட்டும்."

மார்க்கர் என் கையில்.
விளக்கைப் பிடித்த ஜரெலின் தோள் நடுங்க
நிழலும் நடுங்கியது.
காதை வரைந்து முடிப்பதற்குள் காது நகர்ந்துவிட்டது.
டேவியன் கவனித்தான்.
வேண்டுமென்றே தலையைச் சாய்த்தான்.
முழங்கையைத் தூக்கினான்.
பள்ளி நாளில் ஸ்டெப் ஆடியவனாம்.
குதிகால் தரையில் ஒன்று, இரண்டு,
தூக்கிய தொடைக்கடியில் ஒரு கைதட்டல்.
நாங்கள் ஆளுக்கொரு நிறத்தோடு
நிழலைத் துரத்தினோம்.
கீழேயிருந்து கம்பியால் கூரையைத் தட்டினார்கள்.
நிறுத்து என்றார்களோ, இன்னும் என்றார்களோ,
தட்டியது தாளத்தில்தான் இருந்தது.

விளக்கை அணைத்துப் பார்த்தோம்.
ஐந்து காதுகள். பதினோரு முழங்கைகள்.
அந்தரத்தில் ஒரு முட்டி.
ஆள் இல்லை.
"பிடிபடவில்லையே," என்றான் டேவியன்,
மூச்சு வாங்க,
ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டபடி.

அடுத்த வாரம் அவன் வரவில்லை.
அதற்கடுத்த வாரம் வந்தான், தாமதமாக.

அன்றிரவு சலவைக்கூட ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில்
எனக்கொரு கொட்டாவி வந்தது.
தாடை எங்கேயோ கடகடவென்று கழன்றது,
கண்ணில் நீர் முட்டியது.
கொட்டாவிதான்.
எதிர் சீட்டில் யாரோ ஒருத்தி
பையை மடியில் அணைத்தபடி
தானும் வாயைத் திறந்தாள்.