தண்ணீருக்கும் நோய்

பகாவுக்குப் போகும் சாலையில் ஏழாம் கட்டை.
செம்பனைக்குள் பதினான்கு மாடு.
இரண்டு மாதத்தில் மூன்று கன்று
செத்தே விழுந்ததாம்.
கிராணி எழுதி, மேனேஜர் கையெழுத்திட்ட கடிதம்:
மாடுகளை அப்புறப்படுத்தவும்.
லாரிக்குத் தேதியும் குறித்தாயிற்று.

எதன் காதிலும் எண் அட்டை இல்லை.
சிவனாண்டி பெயர் சொல்லச் சொல்ல
நான் குழாய்களில் எழுதினேன்.
வெள்ளச்சி. கோணக்கொம்பி. தீவாளிக்குப் பொறந்தவ.
ஹொண்டா.
"ஹொண்டாவா?"
"கப்சாயை வித்து வாங்குனது மிஸ்ஸி."
கழுத்து நரம்பில் ஊசி ஏறும்போது
அது உதிர்ந்த செம்பனைப் பழமொன்றை
நாக்கால் உருட்டிக்கொண்டிருந்தது.
பனிப்பெட்டியை மூடும் நேரத்தில் கோப்பி வந்தது,
பால் நிறைய ஊற்றி.
வானம் இருட்டியிருந்தது. நின்றபடியே குடித்தேன்.

சிரம்பான் ஆய்வுக்கூடம், இரவு.
ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பது
சோறு வடிப்பதைவிடக் கடினமில்லை,
கை நடுங்காதவரை.
பதினான்கு குழாய்.
பதினைந்தாவதில், நோய் உண்டென்று முன்பே தெரிந்த ஒன்று.
பதினாறாவதில் வெறும் தண்ணீர்.

இயந்திரம் முனகத் தொடங்கியது.
தொண்ணூற்றைந்து டிகிரி: இழைகள் விலகும்.
ஐம்பத்தெட்டு: பிரைமர் தன் இடம் தேடி உட்காரும்,
கிருமி இருந்தால்.
எழுபத்திரண்டு: ஒன்று இரண்டாகும்.
மறுபடி. ஈரெண்டு நாலு. நாலிரண்டு எட்டு.
முப்பத்தைந்து முறை.
இல்லாததை எத்தனை பெருக்கினாலும் இல்லாததுதான்.
இருந்துவிட்டால், ஒரு துணுக்குக்கூடக்
கூடம் நிறையக் கத்தும்.

புறஊதா விளக்கில் ஜெல்லை வைத்தேன்.
ஒன்பது மாடு கோடு கோடாய் ஒளிர்ந்தது.
பதினைந்தும்.
பதினாறும்.

தண்ணீருக்குக் கருச்சிதைவு நோய்.

யாரும் இல்லை அங்கே.
அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் படம் எடுக்க
ஒரு சவரக்கத்தி போதும்.
கத்தி மேசையிலேயே இருந்தது.
விடிவதற்குள் டாக்டர் ஹஸ்லிண்டாவை எழுப்பினேன்.
"உன் கையிலிருந்து வந்திருக்கும், இல்லை பைப்பெட்டிலிருந்து,
இல்லை போன வாரக் காற்றிலிருந்து.
கழுவு. முதலிலிருந்து செய்."

எட்டு மணிக்குச் சிவனாண்டி.
"லாரிக்காரன் வந்து நிக்கிறான். நோய் இருக்கா இல்லையா?"
"தெரியல."
"ரத்தம் எடுத்தீங்களே!"
"எடுத்தேன். தெரியல. ரெண்டு நாள் குடுங்க."
அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு
லாரியை எப்படித் திருப்பி அனுப்பினாரோ.

குளோரின் நெடியில் கண் எரிந்தது.
புது பிரைமர், புதுக் கையுறை, உடைக்காத புட்டியில் தண்ணீர்.
மூச்சைக்கூட முகம் திருப்பித்தான் விட்டேன்.

இம்முறை தண்ணீர் கறுப்பு.
அவ்வளவு நல்ல இருட்டை நான் பார்த்ததில்லை.
வெள்ளச்சி இருட்டு. கோணக்கொம்பி இருட்டு.
பதினொன்றாம் தடத்தில் மட்டும்
வெட்டி வைத்த நகம்போல் ஒரு கோடு.

"ஹொண்டா," என்றேன்.
தொலைபேசியில் கொஞ்ச நேரம் ஓலைச் சத்தம்.
"மிச்சம் பதிமூணு?"
"இப்போதைக்கு இல்ல. அடுத்த மாசம் மறுபடி எடுக்கணும்."
வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"மிஸ்ஸி, அன்னிக்கு உங்க கோப்பியில ஊத்துனது
ஹொண்டா பால்."
"காய்ச்சுன பால்தானே?"
"அடுப்புல வச்சிருந்தேன்.
மழை வந்துரும்னு நீங்கதான் அவசரப்பட்டீங்க."