எந்த ஏழு மணி

யூனோஸ் பிரிவுக்குக் கொஞ்சம் முன்னால்,
பின்னிருக்கையில் விமானத்துக்கு ஓடும் ஒரு குடும்பம் இருக்க,
வண்டி செத்தது. மூன்றாம் முறை.
பத்து நிமிடம் ஆறவிட்டால்
ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும்.

சென்சாரை மாற்றியாயிற்று.
ஊபியில் ஒருவர் நூற்றெண்பது வெள்ளி வாங்கிக்கொண்டு
பழையதைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.
மூன்றே நாள். அதே விளக்கு, அதே எண்.

காக்கி புக்கிட்டில் குணவதி
எண்ணைப் படித்துவிட்டுப் புது சென்சாரைத் தொடவேயில்லை.
"இது பேரைத்தான் சொல்லும். காரணத்தைச் சொல்லாது."
நாலு மணிக்கே ஜொகூர்ப் பாலத்தில் நனைந்திருக்கிறாள்;
மழைக்கோட்டு ஆணியில் இன்னும் காயவில்லை.

அந்தச் சின்னப் பொருளுக்கு என்னதான் வேலை என்றேன்.
பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வருமாம்,
ஒன்று நெருப்புக்கு, ஒன்று புகையைத் தள்ள.
பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.
இது எந்த உச்சி என்று
கேம்ஷாஃப்டைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

எனக்குத் தேவைக்கு மேலேயே புரிந்தது.
இரவு ஓட்டுகிறவன் நான்.
பிடோக்கில் பதினோராம் மாடியில் கண் விழித்தால்
மணி ஏழு, ஜன்னலில் சாம்பல் வெளிச்சம்.
இந்த ஊரில் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும்
ஆண்டு முழுக்க ஒரே முகம்.
கீழே பள்ளிச் சீருடை தெரிந்தால் மறுபடி படுப்பேன்.
தெரியாவிட்டால் சாவியைத் தேடுவேன்.
பள்ளி விடுமுறையில்தான் சிக்கல்.

எஞ்சினை ஓடவிட்டாள். கம்பிகள் மூன்று.
மீட்டரில் ஐந்து வோல்ட், குறையே இல்லை.
காத்திருந்தோம்.
விசிறி இரைய ஆரம்பித்தபின்
கம்பிக்கட்டை இரண்டு விரலால் அசைத்தாள்.
ஐந்து. ஐந்து. சுழியம்.
எஞ்சின் ஒருமுறை தும்மி நின்றது.
அவள் சிரித்தாள். நான் சற்றுத் தாமதமாக.

இரும்புத் தாங்கியின் விளிம்பில் உரசி உரசி
உறை தேய்ந்து, அரிசியளவு செம்பு.
சூட்டில் நெகிழ்ந்து இரும்பைத் தொடும்,
ஆறினால் விலகிக்கொள்ளும்.
வெட்டி, ஈயம் வைத்து, மேலே உறை சுருக்கி,
வேறு வழியாக இழுத்துக் கட்டினாள்.
நாற்பது வெள்ளி.
வண்டியின் உரிமச் சான்றுக்கு இன்னும் பதினான்கு மாதம்.
அதுவரை போதும்.

கிளம்பும்போது மணி ஏழு ஐந்து. வெளியே அதே சாம்பல்.
குணவதி காய்ந்த மழைக்கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.
அப்படியானால் மாலை.

வளைவுகளில் முன்பெட்டிக்குள் ஏதோ உருள்கிறது,
பையோடு நான் வீசியெறிந்த பழைய சென்சார்.
அதன்மேல் ஒரு குற்றமும் இருந்ததில்லை.