மூன்று ஞானசீலன்

ஓல்ட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் ஆலை.
கணக்குப் பிரிவில் எனக்கு எட்டாம் நாள்.

எனக்கு முன் இருந்த ஸும்ப்யூல் அம்மையாருக்கு
அகலமான திரை.
அதனால் அட்டவணைகளையும் அகலத்தில் வளர்த்திருந்தார்:
சலவைக்கு ஒன்று, பக்கத்தில் இஸ்திரிக்கு ஒன்று,
அதற்கும் பக்கத்தில் வண்டியேற்றலுக்கு.
நடுநடுவே ஒரு காலி நிரல்,
ஒண்டுக்குடித்தனத்தில் தட்டி வைத்து மறைத்ததுபோல.
ஒரே வரிசையில் மூன்று பேர்,
ஒருவரை ஒருவர் அறியார்.

வெள்ளிக்குள் ஒன்றாக்கு என்றார் மேலாளர்.

வெட்டினேன். கீழே இறக்கினேன்.
மூன்று தலைப்பில் இரண்டை அழித்தேன்.
வந்த இடம் மறந்துபோகாமலிருக்க
'பிரிவு' என்று ஒரு நிரல் சேர்த்தேன்.
காலிக் கட்டங்களைக் காலியாகவே விட்டேன்.
பூஜ்யம் என்றால் வேலை நடக்கவில்லை,
காலி என்றால் யாரும் கேட்கவில்லை.

பிறகு பெயர்கள்.
ம்யூல்லர், மூலர்: ஒரே ஆள், சேர்த்தேன்.
இரண்டு ஃபாத்மா: பிறந்த தேதி வேறு, பிரித்தேன்.
சலவையில் க்னானசீலன்.
இஸ்திரியில் நானசெலன்.
வண்டியேற்றலில் யானசீலன்.
அகரவரிசை அவர்களைத்
தூரத் தூர உட்கார வைத்திருந்தது.

இந்த ஊர் எழுத்தில் ஞ இல்லை.
ஒவ்வொரு பிரிவும் கைக்குக் கிடைத்த எழுத்தை
அவர் தலையில் வைத்து அனுப்பியிருக்கிறது.

பிறந்த தேதி ஒன்று. முகவரி ஒன்று.
இணைத்தேன்.
வாரத்துக்கு இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்திரண்டு.
அறுபத்திரண்டு மணி நேரம்.
கட்டம் சிவந்தது.
சட்டத்தைத் தாண்டினால் சிவக்கும்படி
விதி எழுதியவள் நான்தான்.

கோப்பி இயந்திரத்தருகே நின்றார்,
முழங்கையில் நீராவி சுட்ட வடு.
சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.
"நீர் தமிழோ பிள்ளை?" என்றார் முதலில்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"மூண்டு பேராவே இருக்கட்டும்.
ஒருத்தன் வாடகை கட்டுறான்.
ஒருத்தன் கடன் கட்டுறான்.
மற்றவன்தான் மகளின்ர படிப்பு.
ஒராளாக்கினா
ஆரை நிப்பாட்டுவீர்?"

மேசைக்குத் திரும்பினேன்.
அட்டவணை சுத்தமாக இருந்தது.
ஒரே தலைப்பு. எதுவும் இரட்டிக்கவில்லை.
நான் செய்ததிலேயே நேர்த்தியானது இது.

இன்று வியாழன்.
மூடப்போனால் கணினி கேட்கிறது:
மாற்றங்களைச் சேமிக்கவா?
வெளியே, பின்னோக்கி வரும் வண்டி
கத்திக்கொண்டே இருக்கிறது.
வெள்ளை மூட்டைகளை அதில் ஏற்றுவது
யானசீலன்.