சுத்தமல்லி விலக்கில் வாங்கியது

பேரிலேயே மல்லி இருக்கிற ஊரில்
பொய்ச்செடி விற்க மாட்டார்கள் என்று
நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன்.
கறுப்புக் கவர், மூன்று இலை.
பேட்டை வரைக்கும் பஸ்ஸில்
மடியை விட்டு இறக்கவில்லை.

பெயிண்ட் வாளிக்கு அடியில்
ஆணியைக் காய்ச்சித் துளை போட்டு
செம்மண், மணல், சாணத்தூள்.
மொட்டைமாடியில் வெயில் விழும் மூலை.
ஏழடிக்குக் கம்பி கட்டினேன்.
ஏறியது.
ஏறியது மட்டும்தான்.

கரண்ட் கணக்கெடுக்கிறவன் நான்.
மீட்டர் பெட்டியைச் சுற்றிப் பிச்சி படர்ந்த வீடு
கண்டியப்பேரியில் மட்டும் பதினொன்று.
கொடியை விலக்கி, எறும்பை ஊதிவிட்டு
யூனிட்டைக் குறித்தபடியே கேட்பேன்:
உங்க வீட்ல மட்டும் எப்படி?
மீன் கழுவின தண்ணி, என்றார் ஒரு டீச்சர்.
புளிச்ச மோர், என்றது எதிர்வீடு.
வாடகை வீட்டில் பூக்காதுவே, என்றார்
மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பிரமநாயகம்.
எல்லாரும் போகிற போக்கில் ஒன்று சொன்னார்கள்:
மார்கழியில ஒட்ட வெட்டி விடுங்க.

அதுதான் ஆகவில்லை.
பணம் கட்டாத வீட்டில்
ஃபியூஸைப் பிடுங்கும் வரை பக்கத்தில் நிற்கிறவன்
கத்தரிக்கோலோடு போய்
காய்ந்த இலை இரண்டைக் கிள்ளிவிட்டுத் திரும்பினேன்.

உலகம்மை பழைய மீட்டர் கார்டு ஒன்றைக்
கம்பியில் கோத்துத் தொங்கவிட்டாள்.
சித்திரை: பூஜ்யம்.
ஆனி: பூஜ்யம்.
ஆவணி: பூஜ்யம்.
ஐப்பசியில் நான் எழுதினேன்: டோர் லாக்.
சிரித்துக்கொண்டே கீழே இறங்கி
முழம் முப்பதுக்குப் பூ வாங்கி வந்தாள்.

பொங்கலுக்கு முக்கூடல் போய்
இரண்டு நாள் கழித்து வந்தால்
கீழ்வீட்டு ரகுமத் பீவியின் ஆடு,
பிள்ளைகள் பக்கோடா என்று பேர் வைத்தது,
படியேறி வந்து
வாளி விளிம்பில் முன்காலை ஊன்றி
எட்டின மட்டும் மேய்ந்திருந்தது.
கார்டில் ஆவணிக்குக் கீழே இல்லை.

காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள் ரகுமத் பீவி.
அது இன்னும் மென்றுகொண்டிருந்தது.
புதுச்செடி வாங்கித் தாரேன் அண்ணாச்சி, என்றாள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
திறந்தால் அழுதிருப்பேன்,
நாற்பது ரூபாய்ச் செடிக்கு.

மாசியில்
கடித்த இடம் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாக
தளிர்.
பங்குனியில் ஒரு சாயங்காலம்
விளக்கு போடுமுன் எண்ணினேன்: இருபத்து மூன்று மொட்டு.
எல்லாம் ஆட்டின் கழுத்துக்குக் கீழே.
அதற்கு மேலே வெறும் இலை,
அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாற்போல.

எட்டுப் பூவைக் கீழே கொடுத்தனுப்பினோம்.
ரகுமத் பீவி மகள் சபீனா வைத்துக்கொண்டாள்.
ஒன்றை ஆட்டின் கயிற்றில் சொருகினாளாம்.
அதையும் தின்றுவிட்டதாம்.

பக்ரீதுக்கு எங்களுக்கும் பங்கு வந்தது.
உலகம்மை மிளகு தூக்கலாக வைத்தாள்.
செவ்வாய்க்கிழமை நான் கறி தின்பதில்லை, என்றேன்.
அன்றைக்கு வியாழன்.
அவள் காலண்டரைப் பார்க்கவில்லை.

இந்த மார்கழியில் ஸ்டூல் போட்டு ஏறினேன்.
ஆடு எட்டாத உயரத்திலிருந்து தொடங்கி
நேராக வெட்டத் தெரியாமல்
பல்லால் பிய்த்த மாதிரி
பிய்த்துப் பிய்த்துப் போட்டேன்.
சரசரவென்று விழுந்தது.

யாரு மேல, ஆடா?
கீழிருந்து குரல்.
அப்புறம் அவளுக்கே நினைவு வந்து
பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

நான்தான், என்றேன்.