ஐந்தாம் துளைக்கும் ஆறாம் துளைக்கும் நடுவே

சாப்பாட்டுக்குக் காசு யார் கொடுப்பதென்றுதான்
கையைப் பிடித்தோம், ஹயாத்தியும் நானும்,
லோயாங் கிடங்கில், கோப்பிக் கறை படிந்த மேசையில்.
பார்சல் தூக்கித் தூக்கி உரம் ஏறிய கைகள்.
மூன்று வருடத்தில் அவள் ஒருமுறையும் ஜெயித்ததில்லை.

சத்தம் என்னுடையதென்று
எனக்கே தெரியவில்லை.
பின்னால் யாரோ பலகையை மிதித்து உடைத்துவிட்டார்களென்று
திட்டுவதற்காகத் திரும்பினேன்.
உடம்பு திரும்பியது.
கை திரும்பவில்லை.

படத்தில் மேற்கை எலும்பு
பிழிந்த துணிபோல் முறுக்கிப் பிளந்திருந்தது.
டாக்டர் சியூ காற்றில் விரலால் சுற்றிக் காட்டினார்.
மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார்.
தூக்கினேன்.
தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
அது, கொடியில் காயப்போட்ட கையுறை.

அடுத்த நாள் மூன்று மணி நேரம் என் கணக்கில் இல்லை.
அப்போது யாரோ
என் நரம்பை ஈர நாடாவில் ஏந்தி ஒதுக்கியிருக்கிறார்கள்.
துளையிட்டு, ஆழம் பார்த்து,
ஒவ்வொரு திருகாணிக்கும் நீளத்தை உரக்கச் சொல்லியிருக்கிறார்கள்:
இருபத்து நான்கு. இருபத்து ஆறு.
இன்னொரு இருபத்து ஆறு.
மளிகைச் சிட்டை வாசிப்பதுபோல.

கேட்டு வாங்கிய நகலில் இருந்தது:
தகடு, பத்துத் துளை. திருகாணி எட்டு.
கடைசியில் ஒரு வரி,
நரம்பு தகட்டைக் கடப்பது
ஐந்தாம் துளைக்கும் ஆறாம் துளைக்கும் நடுவே.

இது யாருக்கு என்றேன்.
"உங்களுக்கில்லை.
என்றாவது இதே இடத்தைத் திறக்க நேர்கிற,
எனக்குத் தெரியாத ஒருவருக்கு."

நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் நடக்குமாம்.
மகனின் அடிக்கோலை வைத்து
தழும்பிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தேன்.
அளந்திருக்கக் கூடாது.

ஞாயிறுதோறும் ஹயாத்தி லோந்தோங்கோடு வந்தாள்.
கொக்கி மாட்டிவிட்டாள், தலை பின்னிவிட்டாள்,
கோணல் வகிடு.
ஜெயித்தது யாரென்று இருவரும் எடுக்கவில்லை.
எந்தக் கையும் மேசையைத் தொடவே இல்லையே.

இந்த ஊரில் கை நீட்டினால்தான் பஸ் நிற்கும்.
நான் நீட்டினால் விரல்கள் கவிழ்ந்து
போ, போ என்றன.
இரண்டு பஸ் அப்படியே போயின.
இடது கையை நீட்டியிருக்கலாம்.
நீட்டவில்லை.
எலும்பு முறிந்தது, திமிர் முறியவில்லை.

ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்,
மழை சாய்ந்து அடித்த காலை,
இருபத்தொன்பதாம் எண் தூரத்தில் வர
வழக்கம்போல் நீட்டினேன்.
புறங்கை தன்பாட்டுக்கு
ஒரு விரற்கடை நிமிர்ந்தது.
நிமிர்ந்து, நடுங்கி,
கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

பஸ் நின்றது. நான் ஏறவில்லை.
ஓட்டுநர் என்னைப் பார்த்து
கதவை மூடிக்கொண்டு போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கட்டைவிரல் இன்னும் வரவில்லை. கடைசியில்தான் வருமாம்.
நிழற்குடையில் உட்கார்ந்து
இடது கையால், பிழை மலிந்த மலாயில்
ஹயாத்திக்குத் தட்டினேன்:
இன்றைக்குச் சாப்பாடு உன் காசு.